இருபது வருடம் கழித்து இந்த நிலம் என்னவாக இருக்கும்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். நகரமும் அதைச் சுற்றியுள்ள ஊர்களும் சேர்ந்து நீண்டகால நிலத் திட்டம் போடாமல் ஆளுக்கொரு வரைபடம் வரைந்துகொண்டிருந்தால் அத்தனை வரைபடமும் வீண் என்று. அதற்கு இவ்வளவு கடிதங்கள் வரும் என்று நினைக்கவில்லை. பாதிப் பேர் கோபமாகத்தான் எழுதியிருக்கிறீர்கள், அவர்களுக்கும் நன்றி. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்து, சில கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஐயா, அடுத்த வருடம் என்ன நடக்கும் என்றே தெரியவில்லை. இதில் இருபது, முப்பது வருடத்துக்குத் திட்டம் போடுவது யாரை ஏமாற்ற? நாற்பது வருடத்துக்கு முன் போட்ட எந்தத் திட்டத்திலாவது செல்போன் இருந்ததா?

இல்லை. இருந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. எந்தத் தொழில் வரும், எந்தத் தொழில் போகும், ஒரு வீட்டில் எத்தனை பேர் இருப்பார்கள், இதெல்லாம் ஊகம்தான், அதில் திட்டக்காரர்கள் நிறையத் தப்பு செய்திருக்கிறார்கள். ஆனால் சில விஷயங்களுக்கு ஊகமே வேண்டாம். தண்ணீர் பள்ளத்தைப் பார்த்துத்தான் ஓடும். ஜனங்கள் வேலைக்கும் பள்ளிக்கும் போய்வர வழி வேண்டும். வீடுகள் நெருக்கமாக வந்த பிறகு நடுவில் ஒரு தெரு போட வேண்டுமென்றால் எத்தனை சுவரை இடிக்க வேண்டும், எத்தனை வருடம் கோர்ட்டில் நிற்க வேண்டும் என்று உங்களுக்கே தெரியும்.

நியூயார்க்கின் மன்ஹாட்டன் தீவுக்கு 1811ல் மூன்று ஆணையர்கள் ஒரு தெருத் திட்டம் போட்டார்கள். அப்போது நகரம் தீவின் தென்முனையில்தான் இருந்தது, மக்கள்தொகை ஒரு லட்சம்கூட இல்லை. அவர்கள் பாறையும் தோட்டமும் பண்ணையுமாகக் கிடந்த இடத்தில் 155வது தெரு வரைக்கும் கோடு போட்டுவிட்டுப் போனார்கள். அவர்களுக்கு லிஃப்ட் தெரியாது, கார் தெரியாது, சுரங்க ரயில் தெரியாது. இவை எல்லாம் பின்னால் வந்து அதே தெருக்களுக்குள் பொருந்தி உட்கார்ந்தன. இது ஒரு பக்கம்.

மறுபக்கம்தான் எனக்கு இன்னும் முக்கியம். அதே ஆணையர்கள் பெரிய பூங்காவுக்கு இடம் விடவில்லை. இரண்டு பக்கமும் தண்ணீர் சூழ்ந்த தீவுக்குக் காற்றோட்டத்துக்கு என்ன குறை, நிலமும் விலை அதிகம் என்று காரணம் சொன்னார்கள். நாற்பது வருடத்தில் நகரம் மூச்சு முட்டியது. 1853ல் சட்டம் போட்டு சென்ட்ரல் பார்க்குக்கு நிலம் எடுக்க ஆரம்பித்தார்கள். அந்த நிலத்தில் செனெகா வில்லேஜ் என்று ஒரு சிற்றூர் இருந்தது. பெரும்பாலும் கறுப்பின மக்கள், சொந்தமாக நிலம் வாங்கி, தேவாலயம் கட்டி, பள்ளிக்கூடம் நடத்திக்கொண்டிருந்தவர்கள், சுமார் 225 பேர். 1857க்குள் அத்தனை பேரும் வெளியேற்றப்பட்டார்கள். காலியாக இருந்தபோது ஒதுக்காமல் விட்ட இடத்துக்கு, பின்னால் அவர்கள் வீட்டைக் கொடுக்க வேண்டியதாயிற்று.

நீண்டகாலத் திட்டம் என்று நான் சொல்வது இதைத்தான். என்னென்ன வரும் என்று ஜோசியம் பார்க்க வேண்டாம். எது காலியாகவே இருக்க வேண்டும், வழி எங்கே போக வேண்டும், இந்த இரண்டையும் நிலம் மலிவாகவும் காலியாகவும் இருக்கும்போதே முடிவு செய்துவிட்டால் மீதியை வருகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

எங்கள் பக்கத்தில் ஒரு தாழ்வான நிலம். இருபது வருடமாக அங்கே ஒரு சொட்டுத் தண்ணீர் நின்றதில்லை. ஆனாலும் வரைபடத்தில் நீர்நிலைப் பகுதி என்று போட்டு மனைப்பிரிவுக்கு அனுமதி மறுக்கிறார்கள். நியாயமா?

நியாயம்தான் என்று நினைக்கிறேன். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரம் 1929லும் 1935லும் பெருவெள்ளத்தில் மூழ்கியது. அதற்கப்புறம் ராணுவப் பொறியாளர்கள் நகருக்கு மேற்கே அடிக்ஸ், பார்க்கர் என்று இரண்டு பெரிய தடுப்புத் தேக்கங்களைக் கட்டினார்கள். இவை நம் மனதில் வரும் அணை மாதிரி எப்போதும் தண்ணீர் நிற்கிற இடம் கிடையாது. மழை கொட்டும்போது தண்ணீரைப் பிடித்து வைத்து, நகரம் தாங்கும் அளவுக்கு மெல்ல விட வேண்டும், அவ்வளவுதான் வேலை. மற்ற நாளெல்லாம் புல்வெளி. கட்டும்போது அரசாங்கம் ஒரு தப்பு செய்தது: தேக்கம் முழுசாக நிரம்பினால் தண்ணீர் எட்டக்கூடிய எல்லை வரைக்கும் நிலத்தை வாங்கவில்லை, கொஞ்சம் உள்ளேயே நிறுத்திக்கொண்டது. அந்த விளிம்பு தனியார் கையில் இருந்தது. வருடக்கணக்காகக் காய்ந்து கிடந்தது. நகரம் வளர்ந்து அங்கே வந்து சேர்ந்தபோது அந்த விளிம்பிலும் வீட்டுமனை போட்டார்கள், ஆயிரக்கணக்கில் வீடுகள் வந்தன. சில மனைப்பிரிவு வரைபடங்களில் இந்த இடம் தேக்க நீரில் மூழ்கலாம் என்று ஒரு சின்னக் குறிப்பு இருந்தது. வீடு வாங்குகிறவர் எத்தனை பேர் அந்தக் குறிப்பைத் தேடிப் படிப்பார்கள்? 2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் மழை கொட்டியது, தேக்கம் தன் வேலையைச் செய்தது, விளிம்பில் இருந்த வீடுகளில் தண்ணீர் நாள்கணக்காக நின்றது. தேக்கத்தின் வயிற்றுக்குள்ளேயே வீடு கட்டியிருக்கிறோம் என்பதே அன்றைக்குத்தான் பலருக்குத் தெரிந்தது.

உங்கள் இருபது வருடக் கணக்குக்கு இதுதான் என் பதில். வெள்ளநீர் நிலத்துக்கு வறண்டு கிடப்பதுதான் வழக்கமான நிலைமை. அது தன் வேலையைச் செய்கிற நாள் ஒரு தலைமுறைக்கு ஒருமுறை வரலாம்.

விட்ட இடத்தை மீட்கவே முடியாதா என்று கேட்பீர்கள். முடியும், செலவாகும். நெதர்லாந்தில் 1993லும் 1995லும் ஆறுகள் பொங்கின. இரண்டாவது முறை சுமார் இரண்டரை லட்சம் பேரை வீட்டை விட்டு வெளியேற்ற வேண்டியிருந்தது. நூற்றாண்டுகளாகக் கரையை உயர்த்தி உயர்த்தியே பழகிய நாடு அது. அதற்கப்புறம் யோசனையை மாற்றி, ஆற்றுக்கு இடம் விடுவது என்று முப்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் வேலை செய்தார்கள். நைமேகன் நகரத்தில் கரையையே 350 மீட்டர் உள்ளே தள்ளி வைத்தார்கள், அதற்காக வீடுகள் இடிபட்டன. ஓவர்டீப்ஸ என்கிற தாழ்நிலப் பகுதியில், வெள்ளம் உள்ளே வரட்டும், நாங்கள் மேடு அமைத்து அதன்மேல் பண்ணை வீட்டை வைத்துக்கொள்கிறோம் என்று விவசாயிகளே யோசனை சொன்னார்கள், அப்படியே செய்தார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அங்கே இருந்த எல்லாப் பண்ணைகளுக்கும் மேட்டில் இடம் கிடைக்கவில்லை, சிலர் ஊரை விட்டுப் போக வேண்டியிருந்தது. பிரேசிலின் குரிடிபா நகரம் இதற்கு நேர்மாறாக 1970களின் தொடக்கத்திலேயே ஆற்றோரத் தாழ்நிலத்தைப் பூங்காவும் ஏரியுமாக ஆக்கிவிட்டது. வெள்ளம் வந்தால் பூங்கா மூழ்கும், பிறகு வடியும், யாரும் பாத்திரம் பண்டத்தைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதில்லை.

சாலைக்கு இந்தப் பக்கம் என் நிலம், வரைபடத்தில் பச்சை, அதாவது விவசாயம். அந்தப் பக்கம் இன்னொருவர் நிலம், மஞ்சள், அதாவது குடியிருப்பு. ஒரே மண், ஒரே தண்ணீர். அவர் இப்போது செல்வந்தர், என் நிலத்தைக் கேட்க ஆளில்லை. யாரோ ஒரு அதிகாரியின் பேனா என் குடும்பத்தின் தலையெழுத்தை எழுதலாமா?

இந்தக் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். வரைபட மேசையில் உட்கார்ந்து வருடக்கணக்காகப் பச்சையும் மஞ்சளும் அடித்த ஆள் நான். ஒரு தடவை, வரைவைப் பார்க்க வந்த ஒரு பெரியவர் இதே கேள்வியை என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். விதியைச் சொன்னேன், எண்ணைச் சொன்னேன், அவர் பேசாமல் போய்விட்டார். அன்றைக்கு நான் சொன்னது பதிலே இல்லை என்பது எனக்கு அப்போதே தெரியும். அதனால் இதற்குக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில், உங்கள் கோபம் நியாயம். நிலத்தின் மதிப்பை உயர்த்தியது அந்தப் பக்கத்துக்காரரின் உழைப்பு கிடையாது. பொதுப்பணத்தில் வந்த சாலையும் குழாயும், கூடவே அந்த மஞ்சள் நிறமும்தான் உயர்த்தின. உங்களுக்கு அது கிடைக்காமல் போனதும் பொதுநலனுக்காகத்தான். லாபம் ஒருவருக்கு, நஷ்டம் இன்னொருவருக்கு, காரணம் மட்டும் பொது. இதைச் சரிசெய்யாத திட்டங்கள் எத்தனை நல்ல நோக்கத்தோடு வந்தாலும் நிற்பதில்லை. டோக்கியோவைச் சுற்றி, நகரம் பரவாமல் தடுக்க, 1958ல் லண்டன் மாதிரி ஒரு பசுமை வளையம் வரைந்தார்கள், நில உரிமையாளர்களும் அந்தப் பகுதி ஊராட்சிகளும் எதிர்த்து நின்றார்கள், 1965ல் அதைக் கைவிட்டார்கள். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலம் 1973ல் மாநிலம் முழுக்க நிலத் திட்டச் சட்டம் கொண்டுவந்து, போர்ட்லேண்ட் வட்டாரத்துக்கு 1979ல் வளர்ச்சி எல்லைக் கோடு போட்டது, நகரம் இந்தக் கோட்டைத் தாண்டிப் பரவக் கூடாது என்று. பலரும் புகழும் கோடு அது. ஆனால் 2004ல் அதே மாநில மக்கள் வாக்கெடுப்பில், விதியால் மதிப்பிழந்தவருக்கு இழப்பீடு கொடு, இல்லாவிட்டால் விதியைத் தளர்த்து என்று ஓட்டுப் போட்டார்கள். கொடுக்கப் பணம் எங்கே? தளர்த்தத்தான் வேண்டியிருந்தது. விளைநிலத்தில் மனைப்பிரிவு வரும் போலிருக்கிறது என்று பயந்து 2007ல் இன்னொரு வாக்கெடுப்பில் அதைப் பெரும்பாலும் சுருக்கினார்கள். முப்பது வருடம் சேர்ந்த மனக்குறை அந்த முதல் ஓட்டில் வெளியே வந்தது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

சரி, வழி என்ன? மூன்று வழிகள் நடைமுறையில் பார்க்கப்பட்டவை.

ஜப்பானில் நிலங்களைச் சேர்த்து மறுபடி பிரிக்கும் முறை ஒன்று உண்டு. இதற்கென்றே 1954ல் தனிச் சட்டம் வந்தது, அதற்கும் முன்னோடி ஜெர்மனியில் ஃபிராங்க்ஃபர்ட் நகரத்துக்காக 1902ல் வந்த சட்டம். ஒரு பகுதியில் உள்ள எல்லோரும் கோணல்மாணலாக இருக்கும் தங்கள் நிலத்தை ஒன்றாக வைப்பார்கள். ஒவ்வொருவர் பங்கிலும் கொஞ்சம் வெட்டி, அதில் தெரு, பூங்கா, இன்னும் கொஞ்சம் விற்பனைக்கு. அந்த விற்பனைப் பணத்தில்தான் வேலையே நடக்கும். மீதியை ஒழுங்கான மனையாக அவரவருக்குத் திருப்பித் தருவார்கள். பரப்பு குறையும், தெருவும் வடிகாலும் வந்துவிடுவதால் மதிப்பு பொதுவாகக் குறையாது. சங்கம் அமைத்துச் செய்தால் மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதிக்க வேண்டும். யாரையும் துரத்தாமல் தெரு போடும் முறை என்பதால் எனக்கு இதன்மேல் தனிப் பிரியம். ஆனால் உங்கள் பிரச்சினைக்கு இது பாதி மருந்துதான், ஏனென்றால் இது மஞ்சளுக்குள் இருப்பவர்களுக்கு.

பச்சைக்குள் இருப்பவருக்கு அடுத்தது. வாஷிங்டன் நகரை ஒட்டிய மாண்ட்கோமரி கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) 1980ல் சுமார் 93,000 ஏக்கரை விவசாயக் காப்புப் பகுதி என்று அறிவித்தது. அங்கே 25 ஏக்கருக்கு ஒரு வீடுதான் கட்டலாம். ஆனால் முன்பு இருந்த 5 ஏக்கருக்கு ஒரு வீடு என்ற உரிமையை அழிக்கவில்லை, அதை நிலத்திலிருந்து பிரித்து விற்க அனுமதித்தது. நகருக்குள் கூடுதல் வீடுகள் கட்ட விரும்புகிற கட்டுமானக்காரர் அந்த உரிமையை விவசாயியிடம் வாங்க வேண்டும். பச்சையில் இருப்பவர் நிலத்தையும் வைத்துக்கொண்டு பணமும் பெற்றார். வாங்க ஆள் இல்லாத காலத்தில் விலை விழும் என்பது இதன் பலவீனம். இருந்தாலும் அந்த விளைநிலம் இன்னும் விளைநிலமாக இருக்கிறது.

மூன்றாவது, மஞ்சளில் இருப்பவரின் திடீர் லாபத்தில் ஒரு பங்கைப் பொதுவுக்கு வாங்குவது. இதில் அளவு தவறினால் கெட்டுவிடும். பிரிட்டன் 1947 சட்டத்தில் அந்த லாபம் முழுவதையும், நூற்றுக்கு நூறு, வரியாகக் கேட்டது. நீங்களாக இருந்தால் விற்பீர்களா? அவர்களும் தயங்கினார்கள், நிலச் சந்தை முடங்கியது, சில வருடத்தில் அந்த வரியே போய்விட்டது. பாதியாவது விற்பவர் கையில் நிற்க வேண்டும் என்பது என் சொந்த அபிப்பிராயம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஆட்சேபணை எழுதும்போது பச்சையை மஞ்சளாக்கு என்று மட்டும் எழுதாதீர்கள். என் நிலம் பச்சையாகவே இருப்பது ஊருக்கு நல்லது என்றால் ஊர் எனக்கு என்ன தரும் என்று கேளுங்கள். அந்தக் கேள்வியை ஒதுக்குவது அவ்வளவு சுலபமில்லை.

பைபாஸ் போட்டால் நெரிசல் குறையுமா?

சில வருடம் குறையும். பைபாஸை ஒட்டி எங்கே வேண்டுமானாலும் வாசல் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டால் அதுவே அடுத்த கடைத்தெரு ஆகிவிடும், அப்புறம் அதற்கும் ஒரு பைபாஸ் கேட்பீர்கள்.

நகரம் பரவாமல் இருக்க அதைச் சுற்றிப் பசுமை வளையம் போட்டால் போதாதா? கல்லூரியில் இதைத்தான் தீர்வாகச் சொல்கிறார்கள்.

வளையம் மட்டும் போதாது என்று லண்டனும் சியோலும் காட்டிவிட்டன. லண்டனைச் சுற்றி நிலத்தை வாங்கிக் காக்க 1938லேயே சட்டம் வந்தது, 1955க்குப் பிறகு நாட்டின் மற்ற நகரங்களுக்கும் அதை விரித்தார்கள். வயல்கள் பிழைத்தன, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் வளையத்துக்கு உள்ளே போதுமான வீடு கட்டவில்லை, வேலை மட்டும் நகரத்திலேயே குவிந்தது. அதனால் ஜனங்கள் வளையத்தைத் தாண்டிக் குதித்து வெளியே குடியேறி, தினமும் அதன் குறுக்கே ரயிலில் போய்வருகிறார்கள். உள்ளே வீட்டு விலை எட்டாத உயரத்துக்குப் போனதற்கு வளையம் ஒரு காரணம், ஒரே காரணம் என்று சொல்ல மாட்டேன். சியோல் 1971ல் வளையம் போட்டது, 1989ல் வீட்டுப் பஞ்சம் தாங்காமல் வளையத்துக்கு வெளியே புந்தாங், இல்சான் போன்ற புதிய நகரங்களை அரசே அறிவித்துக் கட்ட வேண்டி வந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது கோபன்ஹேகன் செய்தது. 1947ல் அவர்கள் வரைந்தது வட்டம் அல்ல, ஒரு கை. உள்ளங்கை பழைய நகரம், ஐந்து விரல்களும் ஐந்து ரயில் பாதைகள், வீடும் வேலையும் விரல்களின் மேல்தான், விரல்களுக்கு நடுவே வயலும் காடும் நகரத்துக்கு உள்ளே வரை நீண்டு வரும். எந்த வீட்டிலிருந்தும் ஒரு பக்கம் நடந்தால் ரயில் நிலையம், மறுபக்கம் நடந்தால் பச்சை. தொடக்கத்தில் அது சட்டம்கூட இல்லை, ஒரு யோசனைப் படம்தான். ஆனால் ஒரு குழந்தைக்குக்கூடப் புரிகிற படம், அதனால் மக்கள் மனதில் நின்றது, பிறகு வந்த முடிவுகளும் அதைச் சுற்றியே அமைந்தன. 2007ல் நாட்டு அரசின் கட்டளையாகவே ஆனது. 1,500 சதுர மீட்டரைத் தாண்டும் பெரிய அலுவலகக் கட்டடம் ரயில் நிலையத்திலிருந்து 600 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். வளையம், இங்கே வராதே என்று மட்டும் சொல்கிறது. வருகிறவர்கள் எங்கே போவது என்பதையும் கையின் விரல்கள் சேர்த்துச் சொல்கின்றன.

எங்கள் ஊர் ஒழுங்காகத் திட்டம் போட்டு வயல்களைக் காத்தது. பக்கத்து ஊர் எல்லாவற்றுக்கும் அனுமதி கொடுத்தது. தொழிற்சாலையும் வரியும் அவர்களுக்கு, லாரியும் கழிவுநீரும் எங்களுக்கு. ஒழுங்காக இருந்தது எங்கள் தப்பா?

உங்கள் தப்பு கிடையாது. ஆனால் பக்கத்து ஊரைத் திட்டியும் பயனில்லை, அவர்களுக்கு வருமானம் வேறு வழியில் வராது, அனுமதி கொடுத்தால்தான் தெருவிளக்கே எரியும் என்றால் அவர்கள் கொடுக்கத்தான் செய்வார்கள். வருமானம் எப்படிப் பங்கிடப்படுகிறது என்பதுதான் இங்கே அடிப்படை. அமெரிக்காவின் மின்னியாபோலிஸ், செயின்ட் பால் இரட்டை நகர வட்டாரத்துக்கு 1971ல் ஒரு சட்டம் போட்டார்கள். எந்த ஊரில் வணிகக் கட்டடமோ தொழிற்சாலையோ புதிதாக வந்து வரி அடித்தளம், அதாவது வரி போடக்கூடிய சொத்தின் மதிப்பு, வளர்ந்தாலும், அந்த வளர்ச்சியில் 40 சதவீதம் ஒரு பொதுத் தொகுப்புக்குப் போகும், மக்கள்தொகையையும் ஊரின் வசதிக் குறைவையும் பார்த்து எல்லா ஊர்களுக்கும் பிரியும். இப்போது பக்கத்து ஊரில் தொழிற்சாலை வந்தாலும் உங்கள் வயலுக்கு ஒரு பங்கு வருகிறது அல்லவா? ஐம்பது வருடம் தாண்டியும் அந்தச் சட்டம் இருக்கிறது. போர்ட்லேண்டில் வேறு வழி: எல்லா ஊர்களுக்கும் சேர்த்து ஒரு வட்டார மன்றம், அதன் உறுப்பினர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள், வளர்ச்சி எல்லையை நகர்த்தும் பொறுப்பு அந்த மன்றத்துக்கு. அடுத்த இருபது வருடத்துக்கு நிலம் போதுமா என்று குறித்த காலத்துக்கு ஒருமுறை கணக்குப் பார்த்தே ஆக வேண்டும். ஒரு ஊர் தனியாக மனம் மாறிக் கோட்டைத் தாண்ட முடியாது.

வரைவுத் திட்டம் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள். நானூறு பக்கம். எனக்குப் பொறியியல் தெரியாது. எதைப் பார்ப்பது? (இல்லத்தரசி ஒருவர்)

அம்மா, நானூறு பக்கமும் வேண்டாம். வரைபடத்தை விரித்து, முதலில் உங்கள் தெருவைக் கண்டுபிடியுங்கள். மஞ்சள் குடியிருப்பு, சிவப்பு வணிகம், ஊதா தொழில், பச்சை விவசாயமும் திறந்தவெளியும், பல இடங்களில் இந்த மாதிரி நிறங்கள்தான், ஆனால் இடத்துக்கு இடம் மாறும், ஓரத்தில் உள்ள குறிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பகுதியில் மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும், எங்கே நிற்கும் என்று உங்களுக்கும் அண்டை வீட்டுக்காரர்களுக்கும் எந்தப் பொறியாளரையும் விட நன்றாகத் தெரியும். அந்த இடம் என்ன நிறத்தில் இருக்கிறது என்று பாருங்கள். மஞ்சளாக இருந்தால் அதுதான் உங்கள் முதல் ஆட்சேபணை.

அப்புறம் பழைய திட்டத்தின் வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள், தர மறுக்கக் கூடாது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, எங்கெல்லாம் பச்சை வேறு நிறமாகியிருக்கிறது என்று பென்சிலால் வட்டம் போடுங்கள். ஒவ்வொரு வட்டத்துக்கும் காரணம் எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். காரணம் இல்லாத மாற்றம் இருந்தால் அங்கேதான் நீங்கள் நின்று பேச வேண்டும். பிறகு கடைசி அத்தியாயத்துக்குப் போங்கள், அங்கே செலவும் கால அட்டவணையும் இருக்கும். வரைபடத்தில் புதுக் குடியிருப்பு வருகிற இடத்துக்குக் குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் எந்த வருடம், யார் பணத்தில் என்று அங்கே இல்லாவிட்டால், வீடுகள் முதலில் வந்து குழாய் பத்து வருடம் கழித்து வரும் என்று பொருள். நான் பார்த்தவரை வரைவுகளில் அதிகம் பலவீனமாக இருப்பது இந்த அத்தியாயம்தான், கருத்துக்கேட்புக் கூட்டத்தில் அதிகம் கேட்கப்படாததும் இதுதான்.

தனியாகப் போகாதீர்கள், தெருவில் நாலு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் தேதியும் வாங்குங்கள். கடைசித் தேதி வரைவின் அறிவிப்புப் பக்கத்தில் இருக்கும், அதை இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.